பஸ்ஸுக்காகவே ஒரு நாள்: சென்னையா, வால்பாறையா, கொல்லிமலையா?

ஒரு நாள் லீவு கிடைத்திருக்கிறது, காலையிலிருந்து இருட்டும்வரை லோக்கல் பஸ்ஸிலேயே சுற்ற வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று இடங்களைச் சொல்வேன். சென்னை மாநகரப் பேருந்துகள் ஒன்று, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும் வண்டியும் அங்கிருந்து எஸ்டேட்டுகளுக்குப் போகும் வண்டிகளும் இரண்டு, நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை ஏறும் வண்டி மூன்று. மூன்றும் அரசு பஸ்தான். ஆனால் ஒரு நாளை மூன்றும் செலவழிக்கிற விதம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது. அதனால் யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது இயற்கைக் காட்சி, கோயில், அருவி இதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதில்லை. அது ஊர் பார்க்கப் போகிறவர்களின் கணக்கு. பஸ்ஸுக்காகப் போகிறவர்கள் கேட்க வேண்டியது முக்கியமாக இரண்டு கேள்வி. ஒரு வண்டியை விட்டுவிட்டால் அடுத்தது எப்போது வரும்? டிரைவர் ஓட்டுவதைப் பார்க்கிற மாதிரி ஓர் இடம் கிடைக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

முதலில் சென்னை. அடுத்த வண்டி எப்போது என்ற கவலையே இங்கே கிடையாது. ஒரு தடத்தில் கூட்டமாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததில் ஏறலாம், பாதி வழியில் இறங்கி டீ குடித்துவிட்டு வேறு நம்பரில் போகலாம். திட்டமே இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பினாலும் நாள் நிறைந்துவிடும். எந்த வண்டி எங்கே வருகிறது என்பதை செல்போனிலேயே பார்க்கவும், டிக்கெட் எடுக்கவும் 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலியும் வந்துவிட்டது.

தடங்களில் எனக்குப் பிடித்தவை ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறவை. திருவொற்றியூரிலிருந்து திருவான்மியூர் போகும் 1ஆம் நம்பர் வடசென்னையின் தண்டையார்பேட்டையில் ஓடி, பாரிமுனையைத் தொட்டு, மயிலாப்பூர் வழியாக அடையாற்றுக்கு வந்து சேரும்போது வண்டிக்குள் இருக்கிற ஆட்களே முழுக்க மாறியிருப்பார்கள். பேச்சும் மாறியிருக்கும். பெசன்ட் நகரிலிருந்து பெரம்பூர் போகும் 29சி இன்னொன்று. அடையாறு, மயிலாப்பூர், நுங்கம்பாக்கம், புரசைவாக்கம் என்று நகரத்தின் வெவ்வேறு காலத்துத் தெருக்களை ஒரே டிக்கெட்டில் காட்டும். நீளமாக உட்கார வேண்டும் என்றால் பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கம் வரை போகும் 102 இருக்கிறது, கடலோரமாக மாமல்லபுரம் போக 588 இருக்கிறது. ஆனால் ஐடி கம்பெனிகள் விடும் நேரத்தில் 102-இல் ஏறாதீர்கள், வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியாது.

சென்னையின் உண்மையான பலம் தடங்களைவிட வண்டிகளில் இருக்கிறது. இவ்வளவு விதமான வண்டிகளை ஒரே நாளில் ஏறிப் பார்க்கத் தமிழ்நாட்டில் வேறு ஊர் இல்லை. என்ஜின் முன்னால் இருக்கிற, மூன்று படி ஏற வேண்டிய பழைய சாதாரண வண்டி இன்னும் ஓடுகிறது. முன்வரிசையில் உட்கார்ந்தால் கியர் மாற்றும்போது பானெட், அதாவது என்ஜின் மூடி, உறுமுவது காலில் தெரியும். 2024-இல் வந்த தாழ்தள டீசல் வண்டியில் என்ஜின் பின்னால் போய்விட்டது. முன்னால் உட்கார்ந்தவருக்கு டயர் ஓடும் சத்தம்தான் கேட்கும், பின்வரிசைக்காரருக்குத்தான் என்ஜின். நிறுத்தத்தில் வந்து நின்றதும் வண்டி இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து இறங்கும், ஆள் ஏறியதும் மறுபடி நிமிரும். முட்டி வலிக்காரப் பாட்டி ஒருவர் யாருடைய கையையும் பிடிக்காமல் அதில் ஏறுவதைப் பார்த்தால் இத்தனை வருடம் நாம் என்ன மாதிரி படியை அவர்களுக்குக் கொடுத்துவைத்திருந்தோம் என்று மனசு சங்கடப்படும். அப்புறம் 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி டெப்போவிலிருந்து மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின, முதல் கட்டத்தில் 120 வண்டி. சிக்னலில் நிற்கும்போது உதறல் கிடையாது, கிளம்பும்போது முதுகு சீட்டோடு ஒட்டுகிற மாதிரி ஒரு சீரான இழுப்பு. இந்த மூன்றையும் ஒரே காலையில் அடுத்தடுத்து ஏறி இறங்கினால் பஸ் தயாரிப்பு எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பது உடம்புக்கே புரிந்துவிடும்.

வரலாறு பிடிக்கும் என்றால் திருவொற்றியூரோடு நிற்காமல் எண்ணூர் பக்கம் போகும் வண்டியில் ஏறுங்கள். வழியில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வரும். 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனம். தமிழ்நாட்டு அரசு பஸ்ஸில் ஏறி வளர்ந்த யாரும் அந்தக் கம்பெனியின் வண்டியில் ஏறாமல் வளர்ந்திருக்க முடியாது.

சென்னையின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, உட்காரும் இடம். இடப்பக்க சீட்டுகள் பெண்களுக்கு, வலப்பக்கம் ஆண்களுக்கு. ஆகவே முன்கண்ணாடி வழியாக ரோடு முழுவதும் தெரிகிற இடப்பக்க முன் சீட் ஆண்களுக்குக் கிடைக்காது. அந்த ஏற்பாடு சரியானது, நான் குறை சொல்லவில்லை. பஸ் பிடித்த பெண்களுக்கு சென்னை இந்த விஷயத்தில் முதல் தரம். அதோடு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசும் இல்லை. ஆண்களுக்குக் கூட்டமில்லாத நேரத்தில் டிரைவருக்குப் பின் சீட் கிடைத்தால் அதுவே பெரிது.

இரண்டாவது குறை ஒருநாள் பாஸ் இல்லாதது. முன்பு 50 ரூபாய்க்கு நாள் முழுக்க எந்த வண்டியிலும் ஏறலாம் என்று ஒரு பாஸ் இருந்தது. 2018 கட்டண உயர்வோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது விருப்பம்போல் பயணம் செய்ய மாதப் பாஸ்தான் உண்டு, 1,000 ரூபாய். ஏசி வண்டியும் சேர்த்து வேண்டுமென்றால் 2,000. ஒரு நாளைக்காக அதை வாங்க முடியாது, ஏறும் ஒவ்வொரு வண்டியிலும் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். சாதாரணக் கட்டணம் வாங்கும் வெள்ளை போர்டு வண்டிகளாகப் பார்த்து ஏறினால் செலவு ஒன்றும் பெரிதாகாது. ஆனாலும் அந்த 50 ரூபாய் பாஸைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு நகரத்தைத் தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி இருந்ததில்லை. மூன்றாவது, மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை. மயிலாப்பூர், ராயப்பேட்டை, அடையாறு பக்கமெல்லாம் பஸ்கள் பழைய வழியில் போவதில்லை, நிறுத்தங்களும் இடம் மாறியிருக்கின்றன. கண்டக்டரைக் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது.

சரி, வால்பாறை.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், மூன்றும் ஆகலாம். அங்கலகுறிச்சி வரை தென்னந்தோப்பு, அப்புறம் ஆழியாறு அணை, வனத்துறை சோதனைச் சாவடி, குரங்கு அருவி. அதற்கப்புறம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு.

இந்த நாற்பது வளைவுகளுக்காகவே நான் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வால்பாறையைச் சொல்வேன். இங்கே பார்க்க வேண்டியது ஜன்னலுக்கு வெளியே இல்லை, டிரைவரின் கையில் இருக்கிறது. பல வண்டிகளில் பானெட்டை ஒட்டி இடப்பக்கமாக ஒரு சீட் இருக்கும். பொள்ளாச்சி ஸ்டாண்டில் வண்டி வந்து நிற்கும்போதே ஏறி அதைப் பிடித்துவிட வேண்டும். ஒரு வளைவு வருவதற்கு முன்பே, ரோடு இன்னும் நேராக இருக்கும்போதே, டிரைவர் கியரை இரண்டுக்கு இறக்கிவிடுவார். வளைவுக்குள் போய் கியர் மாற்றினால் வண்டி இழுவையை இழக்கும், பாரத்தோடு நின்றுவிடும். நீளமாக ஒரு ஹாரன். பிறகு வெளி ஓரத்தை நோக்கி வண்டியை விடுவார். முன் டயருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குப் பகுதி தடுப்புச் சுவரின் மேலே போவது நன்றாகத் தெரியும், அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே ரோடு இல்லை, பள்ளத்தாக்குதான். சரியாக அப்போது ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்புவார். அதற்குப் பிறகு அவர் முன்னால் பார்க்கவே மாட்டார். கண் பக்கக் கண்ணாடியில் இருக்கும். பின் டயர் உள் ஓரத்தை எவ்வளவு நெருங்கி வெட்டுகிறது, மண்ணில் இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஸ்டீயரிங்கை விடுவிப்பார். இதெல்லாம் சில நொடிகள். அடுத்த வளைவில் இதையே மறுபக்கம் செய்ய வேண்டும்.

எதிரே லாரியோ பஸ்ஸோ இறங்கினால் அது வளைவுக்கு மேலேயே நின்று காத்திருக்கும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, மலைப்பாதையின் சட்டமே அதுதான். சமவெளிக் கார்க்காரர்கள் சிலருக்கு இது தெரியாமல் வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிடுவார்கள். அப்போது கண்டக்டர் இறங்கிப் போய் “கொஞ்சம் பின்னால எடுங்க சார்” என்று சொல்லி, பின்னால் பார்த்து விசில் கொடுத்து, இரண்டு வண்டியையும் பிரித்துவிடுவார். அவர் குரலில் கோபம் இருக்காது. தினமும் பார்க்கிறவர்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. ஆழியாறு அணை முழுவதும் கீழே தெரியும். பஸ் அங்கே நிற்காது. வரையாடுகள் சுவர்மேல் நின்றால் டிரைவர் கொஞ்சம் மெதுவாக்குவார், அவ்வளவுதான். அட்டகட்டி தாண்டியதும் குளிர் தொடங்கும், கவர்கல் பக்கம் பனிமூட்டம் இருந்தால் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். பிறகு தேயிலை.

இறங்கும்போது பாடம் வேறு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் கணக்கு. என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகிப் பிரேக் பிடிக்காமல் போகும். நல்ல டிரைவர் இறக்கும் வண்டியில் என்ஜின் சத்தம்தான் அதிகமாகக் கேட்கும், ஏர் பிரேக்கின் ‘உஸ்’ எப்போதாவது வரும். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டே இதைக் கண்டுபிடிக்கலாம். இதற்காகத்தான் ஏறுவதோடு இறங்குவதையும் பகலில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வால்பாறைக்கு இன்னொரு பலம் இருக்கிறது, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேலே போனதும் நாள் முடிவதில்லை. வால்பாறையில் அரசு பஸ் டெப்போவே இருக்கிறது. சோலையாறு, முடீஸ், ஷேக்கல்முடி என்று எஸ்டேட்டுகளுக்கு அங்கிருந்து வண்டிகள் போகும். இவைதான் நிஜமான லோக்கல் பஸ். தேயிலைக்கு நடுவே ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்தில் ரோடு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு முன்னால் நிறுத்தம். ரேஷன் அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு ரிப்பேருக்குப் போகும் பை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான். ஏறுகிறவர் யார், எங்கே இறங்குவார் என்று கண்டக்டருக்குத் தெரியும். கேட்காமலே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். புதிதாக நீங்கள் ஏறினால்தான் “நீங்க எங்கீங்க போகோணும்?” என்று கேள்வி வரும். “சும்மா கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரேங்க” என்றால் அவர் ஆச்சரியப்படாமல் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். பெரியவர்கள் சிலர் இன்னமும் ‘சேரன் பஸ்’ என்று சொல்வதை இந்தப் பக்கம்தான் கேட்கலாம். சேரன், பாண்டியன், சோழன் என்று தனித்தனிப் பெயர் இருந்த அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கெல்லாம் 1997-இல் பெயரை எடுத்துவிட்டு ஒரே பெயர் வைத்தார்கள்.

முதல் கேள்விக்கு வால்பாறையின் பதில் சுமார்தான். பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் இடையே வண்டி போதுமான அளவு உண்டு, ஒன்றை விட்டால் காத்திருந்து அடுத்ததைப் பிடிக்கலாம். எஸ்டேட் வண்டி அப்படி இல்லை. தடத்துக்குத் தடம் மாறும், சிலது காலை மாலை மட்டும். அதனால் வால்பாறையில் இறங்கியதும் டிபன் சாப்பிடுவதற்கு முன்பே நேரக் காப்பாளரிடம் போய் எந்த எஸ்டேட் வண்டி எப்போது போய் எப்போது திரும்புகிறது, பொள்ளாச்சிக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பாத வண்டியில் ஏறிவிட்டால் தேயிலைக்கு நடுவே யானை நடமாடும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு நாளில் ஒரே ஒரு எஸ்டேட் தடம் போதும். சோலையாறு எனக்குப் பிடித்தது.

கொல்லிமலைக்கு 70 வளைவுகள். எண்ணிக்கையை மட்டும் பார்த்து இதுதான் உசத்தி என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். வளைவுகளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக வளைவுகள் வரும். வால்பாறைப் பாதையில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே டிரைவர் மூச்சு விட இடம் இருக்கும், இங்கே பல இடங்களில் ஒரு வளைவை முடித்து ஸ்டீயரிங் நேராவதற்குள் அடுத்தது வந்துவிடும். நீள வண்டி இங்கே திரும்பாது, சின்ன வண்டிதான். வயிறு லேசானவர்கள் யோசித்து ஏற வேண்டும். பின் டயருக்கு மேல் உள்ள சீட்டிலும் கடைசி வரிசையிலும் உட்காரவே கூடாது.

சோளக்காடு சந்தை நாளில் இறங்கும் வண்டியில் வாழைத்தார், அன்னாசி, பலாப்பழம், மிளகு மூட்டை என்று ஏறும். அந்த வாசனையில் எழுபது வளைவு இறங்குவது வேறெங்கும் கிடைக்காத அனுபவம். ஆனால் நான் வைத்த இரண்டு கேள்விகளில் முதலாவதில் கொல்லிமலை தோற்றுவிடுகிறது. ஒரு வண்டியை விட்டால் காத்திருப்பு நீளம். மேலே செம்மேட்டிலோ அரப்பளீஸ்வரர் கோயிலிலோ இறங்கிய பிறகு மாறி மாறி ஏறிப் பார்க்க வால்பாறை மாதிரி தடங்கள் நிறைய இல்லை. ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், நடுவே காத்திருப்பு என்று நாள் போய்விடும். இரவு தங்குவதாக இருந்தால் கணக்கு மாறும். சாயங்கால வண்டியில் ஏறி, மறுநாள் விடியற்காலை முதல் வண்டியில் இறங்கலாம். அப்படியென்றால் ஏறுகிற அன்று பகலைக் கரூரில் செலவழியுங்கள். தமிழ்நாட்டுப் பஸ்களுக்குப் பாடி கட்டுகிற ஊர் அது. பெயின்ட் அடிக்காமல் தகடு மினுங்க நிற்கும் பஸ் கூடுகளைப் பார்த்துவிட்டு சாயங்காலம் மலை ஏறினால், உட்கார்ந்திருக்கும் வண்டியின் எலும்பெல்லாம் தெரிகிற மாதிரி இருக்கும்.

ஊட்டியை ஏன் விட்டேன் என்று கேட்பார்கள். சீசனில் ரோடு முழுக்கக் கார், பஸ் மணிக்கணக்கில் நகராது. மற்ற மாதங்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஏறி குன்னூர் வழியாக இறங்குவது அருமையான ஒரு சுற்று, ஆனால் அங்கே போகிறவர்களில் பாதிப் பேர் மலை ரயிலைப் பார்த்ததும் பஸ்ஸை மறந்துவிடுகிறார்கள். கோயம்புத்தூர் தனியார் டவுன் பஸ்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை. பாட்டு, லைட், முன்னால் போகும் வண்டியை விரட்டி டைம் எடுப்பது என்று அது வேறு உலகம். வால்பாறை போகிறவர்கள் கோவையில் ரயில் இறங்கினால் காந்திபுரத்திலிருந்து உக்கடம் வரை ஒன்றில் ஏறிப் பார்த்துவிட்டுப் பொள்ளாச்சி வண்டி பிடிக்கலாம்.

ஆக, யாருக்கு எது? குழந்தைகளோடு போகிறவர்களும் முதல்முறையாக இப்படிச் சுற்றுகிறவர்களும் சென்னையை எடுங்கள். எப்போது அலுத்தாலும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். வண்டியின் தொழில்நுட்பத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் சென்னைதான். மாநில பட்ஜெட்டில் 2024-இல் மலைப் பகுதிகளுக்கும் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தை அறிவித்தார்கள், வால்பாறையும் அதில் உண்டு. எஸ்டேட் வண்டிகளில் ஏறும் பெண்கள் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வால்பாறை பார்த்தவர்கள், இரவு தங்க முடிந்தவர்கள் கொல்லிமலைக்குப் போகலாம். மற்ற எல்லோருக்கும், ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், நான் தயங்காமல் வால்பாறை என்பேன். ஏறும் வண்டியில் ஓட்டுகிறவரின் கைவேலையும், எஸ்டேட் வண்டியில் ஏறுகிறவர்களின் வாழ்க்கையும் ஒரே நாளில் பார்க்கக் கிடைப்பது அங்கேதான்.

முந்தைய இரவே பொள்ளாச்சி வந்து தங்கிவிடுங்கள், விடிந்ததும் கிளம்பும் வண்டியைப் பிடியுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அங்கே கடுமையாக இருக்கும், மண் சரிந்து ரோடு அடைபடவும் செய்யும். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல நாட்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் நடக்கிற ஒரு வார நாளாகப் பாருங்கள். எஸ்டேட் வண்டிகளின் நேரம் பெரும்பாலும் பிள்ளைகளையும் வேலைக்குப் போகிறவர்களையும் வைத்துத்தான் ஓடுகிறது. சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள், ஒரு எலுமிச்சம்பழமும்.